டீவியில் பார்க்கும் ஏவுகணைச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. எங்கேயாவது சண்டை தொடங்கினால் போதும், சலூனில், கல்யாண வீட்டில், வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது என்று எல்லா இடத்திலும் கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன்.

ரொக்கெட், மிசைல், ட்ரோன், ஷெல் எல்லாம் ஒண்டுதானே? ஏன் ஒவ்வொரு சேனலும் ஒவ்வொரு பேர் சொல்லுது?

ஒன்றல்ல. ஷெல் என்பது பீரங்கிக் குழாயிலிருந்து போவது, வெளியே வந்த பிறகு அதற்குச் சொந்த உந்துசக்தி கிடையாது. ரொக்கெட்டுக்கு எரிபொருள் உண்டு, ஆனால் ஏவிய திசையில் போகுமே தவிர வழியைத் திருத்திக்கொள்ளாது. ஏவுகணை, அதாவது மிசைல், பறக்கும்போதே தன் வழியைத் திருத்திக்கொள்ளும். ட்ரோன் ஆளில்லாத விமானம். போய்விட்டுத் திரும்பி வருவதும் உண்டு, ஈரானின் ஷாஹெட் போல மோதி வெடிப்பதற்கென்றே செய்ததும் உண்டு. வன்னியில் இருந்தவர்கள் வேவு பார்க்கும் ட்ரோனை 'வண்டு' என்பார்கள், சத்தம் அப்படி.

சேனல்கள் இதைக் கலந்து கட்டிச் சொல்வதற்குக் காரணம் அவசரம். பெயர் தெரிந்தால் ஒரு நன்மை இருக்கிறது: ரொக்கெட் விழுந்தது என்றால் குறி தவறியிருக்கலாம், வழிநடத்தப்படும் ஏவுகணை விழுந்தது என்றால் அந்த இடத்தை யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பலிஸ்டிக், க்ரூஸ் எண்டு இரண்டு சொல்றாங்களே, அதுல என்ன வித்தியாசம்?

பலிஸ்டிக் ஏவுகணை மேலே எறிந்த கல்லைப் போன்றது. தொடக்கத்தில் சில நிமிடம் இயந்திரம் எரியும், பிறகு உயரத்துக்குப் போய் வளைந்து விழும். விழும்போது ஒலியைவிடப் பல மடங்கு வேகம், எனவே சத்தம் கேட்பதற்கு முன்பே அது விழுந்திருக்கும். 1944 செப்டம்பரில் இலண்டனில் விழத் தொடங்கிய ஜேர்மனியின் வீ-2 தான் இந்த வகையில் முதலாவது. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் அதன் வாரிசு.

க்ரூஸ் ஏவுகணை சிறிய ஆளில்லா ஜெட் விமானம் என்றே சொல்லலாம். தாழப் பறக்கும், இயந்திரம் கடைசி வரை ஓடும், வளைந்து திரும்பும். அமெரிக்காவின் டோமாஹோக் மணிக்கு ஏறக்குறைய 880 கிலோமீட்டர் வேகத்தில், 1,600 கிலோமீட்டர் அளவில் போகும். 1991இல் பக்தாத் ஹோட்டலிலிருந்து பார்த்த பிபிசியின் ஜோன் சிம்ப்சன், க்ரூஸ் ஏவுகணை ஒன்று தெருவழியே போய்த் திரும்பியதாகச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அந்த ஆயுதத்தால் அப்படிப் போக முடியும்.

அது எப்படி வழி கண்டுபிடிக்குது? ஆராவது ரிமோட்டால ஓட்டுறாங்களா?

பெரும்பாலும் இல்லை. உள்ளே இருக்கும் கருவி ஒவ்வொரு அசைவையும் அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அதில் சேரும் பிழையை ஜீ.பி.எஸ். திருத்தும். 1991 டோமாஹோக்கில் ஜீ.பி.எஸ். இல்லை. கீழே உள்ள மேடு பள்ளத்தை ரேடாரால் அளந்து, முன்பே ஏற்றி வைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் போனது.

லேசர் குண்டு வேறு முறை. யாரோ ஒருவர், விமானத்திலோ தரையிலோ இருந்து, இலக்கின் மேல் லேசர் கதிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், குண்டு அந்தத் தெறிப்பைத் தேடி வரும். முகிலோ புகையோ குறுக்கே வந்தால் தடுமாறும். ஜீ.பி.எஸ். குண்டுக்கு முகில் பிரச்சினை இல்லை, ஆனால் சிக்னலைக் குழப்பலாம். லெபனானிலும் இஸ்ரேலிலும் சாதாரணச் சனத்தின் போனில்கூட, தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாக வரைபடம் காட்டியது இதனால்தான். தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணை இயந்திரத்தின் சூட்டைத் தேடிப் போகும். 1995 ஏப்ரல் 28, 29இல் பலாலியில் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்கள் விழுந்ததோடு இந்த வகை ஆயுதம் நம் நாட்டுச் சண்டைக்குள்ளும் வந்தது.

டீவியில காட்டுற அந்தக் கறுப்பு வெள்ளை வீடியோ, நடுவுல கூட்டல் குறி இருக்குமே, அதை ஆர் எடுக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் என்றால் எனக்கு உடனே பிடித்துவிடும். எடுப்பது சுடுகிறவர். அந்தப் படம் இரண்டு வகை. குண்டின் மூக்கிலேயே கெமரா இருந்தால், கட்டிடம் பெரிதாகிப் பெரிதாகித் திரையை நிரப்பி, ஒரு நொடியில் படம் அறுந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஏனென்றால் கெமராவும் சேர்ந்து வெடித்துவிட்டது. விமானத்தின் கெமராவென்றால் படம் தொடரும், வெடிப்பும் புகையும் தெரியும்.

அதில் தெரிவது பெரும்பாலும் சூட்டின் அளவு. சூடான பொருள் வெள்ளையாக, குளிர்ந்தது கறுப்பாக, அல்லது எதிர்மாறாக. வாகனத்தின் இயந்திரமும், மாடும், மனிதரும் ஒரே மாதிரிச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்தான். முகம் கிடையாது, சத்தம் கிடையாது. வெடித்துச் சில வினாடியில் வீடியோ நின்றுவிடும், பிறகு அந்த இடத்துக்கு யார் ஓடி வந்தார்கள், எதைத் தோண்டி எடுத்தார்கள் என்பது அதில் வராது. எந்த வீடியோவை வெளியிடுவது, எங்கே வெட்டுவது என்பதையும் அந்த இராணுவமே முடிவு செய்கிறது. தவறிய குண்டின் வீடியோவை யாரும் தாமாகக் கொண்டுவந்து தருவதில்லை.

1999 ஏப்ரல் 12இல் செர்பியாவின் கிர்தெலிட்சா பாலத்தில் பயணிகள் ரயில் ஒன்றை நேட்டோ ஏவுகணை தாக்கியது. விமானிக்கு நிறுத்த நேரமே கிடைக்கவில்லை என்று காட்ட வீடியோவைச் செய்தியாளர் முன் ஓட்டினார்கள். அந்த வீடியோ நிஜ வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டப்பட்டது என்பது அடுத்த வருடம்தான் வெளியே வந்தது. படம் உண்மை, வேகம் பொய்.

இரவு வானத்துல கோடு கோடா வெளிச்சம் போகுது. அதுதானே மிசைல்?

பெரும்பாலும் இல்லை. 1991 ஜனவரி 17 அதிகாலை பக்தாத் வானத்தில் பச்சைப் பொட்டுக்களாகப் பறந்ததை உலகமே பார்த்தது. அவை தரையிலிருந்து ஈராக்கியர் மேலே சுட்ட விமான எதிர்ப்புத் துப்பாக்கியின் ஒளிரும் ரவைகள். பச்சை நிறம் இரவுக் கெமராவால் வந்தது. விழுந்த குண்டுகளையும் ஏவுகணைகளையும் அந்தக் காட்சியில் கண்ணால் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கொழும்புக்காரருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2007 ஏப்ரலில் பார்படோஸில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்த இரவில், புலிகளின் விமானம் வந்து, கரண்ட் போய், நகரம் முழுக்க இருட்டில் வானத்தை நோக்கிச் சுட்டார்களே, சிவப்புக் கோடுகளாக, அதுவும் இதே ஒளிரும் ரவைதான். நாலைந்து ரவைக்கு ஒன்று எரிந்துகொண்டு போகும், சுடுகிறவருக்குத் திசை தெரிவதற்காக. மேலே போனதெல்லாம் கீழே வரவும் வேண்டும்.

"துல்லியமா அடிச்சோம்" எண்டு சொல்றாங்க. பிறகு ஏன் இவ்வளவு சனம் சாகுது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். துல்லியம் என்றால் கொடுத்த புள்ளியில் விழுந்தது என்று மட்டும்தான் பொருள். அந்தப் புள்ளியில் யார் இருந்தார்கள் என்பதற்குக் குண்டு பொறுப்பல்ல. அதே நேட்டோ தாக்குதலில், 1999 மே 7இல், செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஜீ.பி.எஸ். குண்டுகள் போய் விழுந்தது சீனத் தூதரகத்தில். அமெரிக்கா சொன்ன விளக்கம், வேறொரு அரசாங்கக் கட்டிடம் என்று நினைத்துத் தவறான இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டோம் என்பது. குண்டுகள் சொன்ன இடத்தில் சரியாக விழுந்தன. இறந்த மூன்று பேரும் சீனச் செய்தியாளர்கள்.

1991 பெப்ரவரி 13இல் பக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் இரண்டு லேசர் குண்டுகள் கூரையைத் துளைத்து உள்ளே போயின. அமெரிக்கா அதை இராணுவக் கட்டளை மையம் என்றது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அந்தக் குண்டுகள் துளிகூடக் குறி தவறவில்லை.

இன்னொன்று அளவு. 2,000 இறாத்தல் குண்டு என்றால் ஏறக்குறைய 900 கிலோ. சரியான புள்ளியில் விழுந்தாலும் அதன் சிதறல் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும். காலி வீதியில் ஒரு கட்டிடத்தைக் குறிவைத்து அதை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவர்களை விட்டுவிட இந்த அளவுக் குண்டால் முடியாது. ஐந்து மீட்டர் துல்லியம் என்று டீவியில் சொல்லும்போது சிதறல் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அநேகமாகச் சொல்வதில்லை.

91 வளைகுடாச் சண்டையில முழுக்க ஸ்மார்ட் குண்டுதானே போட்டது? நாங்க அப்படித்தானே பார்த்தோம்?

பார்த்தது அப்படி. வீசிய குண்டுகளில் வழிநடத்தப்பட்டவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றதெல்லாம் பழைய மாதிரி மேலிருந்து விழுந்த சாதாரணக் குண்டுகள். அவற்றுக்கு மூக்கில் கெமரா இல்லை, எனவே டீவியிலும் இடமில்லை.

முதல் இரவில் சிஎன்என்னின் பெர்னார்ட் ஷோ, பீட்டர் ஆர்னெட், ஜோன் ஹொலிமன் மூவரும் அல் ரஷீத் ஹோட்டலிலிருந்து கொடுத்தது படம்கூட இல்லை. தொலைபேசி வழிக் குரல்தான், திரையில் வரைபடமும் அவர்களின் புகைப்படமும். அந்தக் குரலில், எங்களுக்குத் தெரிவது இவ்வளவுதான் என்கிற எல்லை இருந்தது. பிறகு இராணுவம் தினமும் கொடுத்த வீடியோக்கள் வந்து அந்த எல்லையை மறக்கவைத்துவிட்டன.

100க்கு 90, 99 மிசைலை வானத்திலேயே அடிச்சிட்டோம் எண்டு சொல்றாங்க. நம்பலாமா?

முதலில், எதில் 90 சதவீதம் என்று கேளுங்கள். இஸ்ரேலின் மறிப்பு ஏவுகணை அமைப்பான அயர்ன் டோம், வரும் ரொக்கெட் எங்கே விழும் என்று கணக்கிட்டு, வெறும் நிலத்தில் விழப்போவதைச் சுடாமல் விட்டுவிடும். சதவீதம் சொல்வது சுட முயன்றதில்தான். அது நியாயமான முறைதான், ஆனால் ஏவப்பட்ட எல்லாவற்றிலும் 90 சதவீதம் என்று செய்தியில் வரும்போது அர்த்தமே மாறிவிடுகிறது.

இரண்டாவது, போர் நடக்கும்போது சொல்லும் எண்ணும் போர் முடிந்து வரும் எண்ணும் அடிக்கடி ஒத்துப்போவதில்லை. 1991 பெப்ரவரி 15இல் அமெரிக்க ஜனாதிபதி புஷ், ஏவுகணையை மறிக்கும் பேட்ரியட்டைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கே போய், 42 ஸ்கட்டுக்குச் சுட்டதில் 41ஐ மறித்தோம் என்றார். பிறகு இராணுவமே அந்த விகிதத்தைப் பலமுறை குறைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் பேராசிரியர் தியடோர் போஸ்டல் செய்திக் கெமராக்கள் எடுத்த வீடியோவை ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்து, வெற்றி மிக மிகக் குறைவு என்றார். அவர் முறையை எதிர்த்தவர்களும் உண்டு. ஆனாலும் 41 என்ற எண்ணை அதற்குப் பிறகு யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை. புஷ் பேசிப் பத்தாம் நாள், பெப்ரவரி 25இல், சவூதியின் தஹ்ரானில் ஸ்கட் ஒன்று படை முகாமில் விழுந்து 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பேட்ரியட் கணினி 100 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் நேரக் கணக்கில் மூன்றிலொரு வினாடி பிசகி, வந்த ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது.

அண்மையிலும் அதே கதைதான். 2025 ஜூன் 23இல் கட்டாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதெய்த் தளத்துக்கு ஈரான் 14 ஏவுகணை விட்டதாகவும், 13ஐ மறித்ததாகவும், மற்றொன்றை ஆபத்தில்லாத திசையில் போனதால் விட்டுவிட்டதாகவும் டிரம்ப் சொன்னார். சில வாரத்தில் செய்மதிப் படத்தில் தளத்தின் தொடர்பாடல் குவிமாடம் அடிபட்டது தெரிந்தது. ஒன்று விழுந்தது உண்மை என்று பென்டகனும் ஒப்புக்கொண்டது.

மறிச்சிட்டா ஆபத்து முடிஞ்சுதுதானே?

இல்லை. வந்த ஏவுகணையின் துண்டுகளும் அதை மறிக்கப் போன ஏவுகணையின் துண்டுகளும் கீழே வரும். சைரன் ஓய்ந்த பிறகும் உள்ளேயே இருங்கள் என்று சொல்வது அதற்காகத்தான்.

ரிப்போர்ட்டர் எப்பவும் ஹோட்டல் மொட்டை மாடியிலதான் நிக்கிறார். சண்டைக்குள்ள ஏன் போறதில்ல?

போனவர்கள் நிறையப் பேர் இறந்திருக்கிறார்கள். 2003 ஏப்ரல் 8 ஒரே நாளில், பக்தாத்தில் அல் ஜஸீரா அலுவலகம் தாக்கப்பட்டு தாரிக் அய்யூப் இறந்தார், செய்தியாளர் தங்கியிருந்த பலஸ்தீன் ஹோட்டலை அமெரிக்கத் தாங்கி சுட்டதில் இரண்டு கெமராக்காரர் இறந்தார்கள். எனவே மொட்டை மாடியில் நிற்பவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சில இடங்களுக்கு விடவே மாட்டார்கள். 2023 ஒக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர் சுயமாகக் காஸாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உள்ளே இருந்து செய்தி கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே, தங்கள் வீட்டையும் குடும்பத்தையும் இழந்துகொண்டே. இன்னொரு வழி, 2003இல் ஈராக்கில் 600க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கா செய்ததுபோல, படையணியோடு சேர்த்து அனுப்புவது. அவர்களுக்கு முன்வரிசைப் படம் கிடைக்கும், ஆனால் தங்களோடு சாப்பிட்டுத் தங்களைக் காப்பாற்றுகிற படையின் பக்கமிருந்து மட்டும். மொட்டை மாடிக்காரர் விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு: தான் சண்டை நடக்கும் இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார் என்று சொல்ல வேண்டும்.

இந்தியச் சேனல்ல சைரன் சத்தத்தோட காட்டினாங்களே, கராச்சி துறைமுகம் அழிஞ்சுது எண்டு. அது பொய்யா?

பொய். இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது, 2025 மே 8 இரவு, பல சேனல்கள் இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியதாகச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்படி ஒன்று நடக்கவில்லை. இங்கே டிஷ்ஷில் அதைப் பார்த்துவிட்டு விடியும்வரை தூங்காத வீடுகள் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து இந்திய அரசே, நிகழ்ச்சிகளில் விமானத் தாக்குதல் சைரன் ஒலியைப் போடாதீர்கள் என்று அறிவுறுத்தியது. நிஜச் சைரனைச் சனம் அசட்டை செய்துவிடும் என்ற பயம். சரியான பயம்தான்.

நேரலை என்பதற்கு மறுபக்கமும் உண்டு. 2008 மும்பைத் தாக்குதலில் அதிரடிப்படையின் அசைவுகளை நேரலையாகக் காட்டியது, பாகிஸ்தானிலிருந்து தாக்குதலை நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு உதவியது. இந்திய உச்ச நீதிமன்றமே தீர்ப்பில் அதைக் கண்டித்தது. ஏவுகணை விழுந்த இடத்தை உடனே காட்டினாலும் இதேதான், அடுத்ததைத் திருத்தி ஏவ எதிரிக்கு வசதி. சில நாடுகளின் தணிக்கைக்கு இது நியாயமான காரணம். அதே தணிக்கையே தோல்வியை மறைக்கவும் பயன்படுகிறது. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிவது கஷ்டம்.

வட்ஸ்அப்ல வாற வீடியோ உண்மையா எண்டு எப்படிப் பார்க்கிறது?

சத்தத்தைக் கவனியுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய மூன்று வினாடி வேண்டும். காலி முகத்திடலில் ஒன்று வெடித்தால் வெள்ளவத்தையில் நிற்பவருக்குச் சத்தம் வரப் பதினைந்து வினாடிக்கு மேல் ஆகும். தூரத்தில் நெருப்புக் கோளம் எழும் அதே கணத்தில் வெடிச்சத்தமும் கேட்டால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அப்புறம், வீடியோவை நிறுத்தி ஒரு படமெடுத்து கூகுளில் படத்தேடல் செய்யுங்கள். பாதிக்குப் பாதி பழைய சண்டை, அல்லது வெடிமருந்துக் கிடங்கு விபத்து, அல்லது புதுவருட வாணவேடிக்கை. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் நிஜப் போராகப் பரவியதால் அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் விளக்க அறிக்கை விட்டது. கெமரா நடுங்காமல், மனிதக் குரலே இல்லாமல், வெடிப்பு மட்டும் அழகாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

இவ்வளவு கருவி இருந்தும் பயணிகள் விமானத்தை எப்படி மாறி அடிக்கிறாங்க?

ரேடார் திரையில் பயணிகள் விமானமும் ஒரு புள்ளிதான். 1988 ஜூலை 3இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானிய விமானத்தைச் சுட்டு 290 பேர், 2014இல் உக்ரேன் மேல் மலேசிய விமானத்தில் 298 பேர், 2020 ஜனவரி 8இல் தெஹ்ரானில் உக்ரேன் விமானத்தில் 176 பேர் என்று இறந்தார்கள். வின்சென்ஸ் அன்றைய உலகின் மிக நவீனமான கப்பல்களில் ஒன்று. மேலே ஏறிக்கொண்டிருந்த விமானம் தங்களை நோக்கி இறங்குகிறது என்று பதற்றத்தில் இருந்தவர்கள் நம்பினார்கள், கருவி சரியான உயரத்தையே காட்டியது.

எங்கட சண்டையையும் டீவியில இப்படித்தானே காட்டினாங்கள்?

ஆம். 2008 செப்டம்பரில் ஐ.நா.வையும் உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. சுயாதீனச் செய்தியாளர் யாரும் உள்ளே இல்லை, இராணுவம் அழைத்துப் போனவர்கள் மட்டும். 2009 ஏப்ரல் 20இல் புதுமாத்தளன் பக்கம் மக்கள் வெளியே ஓடுவதை விமானப்படையின் வண்டு மேலிருந்து எடுத்த வீடியோ வெளியானது. மணலில் ஊரும் புள்ளிகள். கொழும்பில் அந்தப் புள்ளிகளுக்குள் தங்கள் அம்மாவை, தம்பியைத் தேடியவர்கள் எத்தனையோ பேர். சூட்டுக் கெமராவைப் பற்றி மேலே சொன்னேனே, அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

பொதுமக்கள் யாருக்கும் சேதமில்லை என்பதே தங்கள் கொள்கை என்று அரசு சொன்னது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அங்கே விழுந்தவற்றில் பெரும்பகுதி வழிநடத்தப்பட்ட ஏவுகணை அல்ல, ஷெல். புலிகளிடமும் சொந்தத் தொலைக்காட்சி இருந்தது. அது தங்கள் வெற்றியைக் காட்டியது, சனத்தை வெளியேற விடாமல் வைத்திருந்ததைக் காட்டவில்லை. அதே குழுவின் அறிக்கை அதையும் சொல்கிறது. நடுவில் நின்று படமெடுக்க ஒருவரையும் இரண்டு தரப்பும் விரும்பவில்லை.

மகன் கட்டார்ல வேலை. டீவியைப் பார்த்தா நெஞ்சு பதறுது. நான் என்ன செய்ய?

அக்கா, முதலில் டீவியின் சத்தத்தைக் குறையுங்கள், பதற்றத்தில் பாதி அந்த இசையில்தான் இருக்கிறது. 2025 ஜூன் 23 இரவு ஈரான் முன்பே தெரிவித்துவிட்டுத்தான் ஏவியது, கட்டாரும் முன்கூட்டியே வான்பரப்பை மூடியது, யாரும் இறக்கவில்லை. ஆனால் இங்கே திரையில் நகரமே எரிவது போல இருந்தது.

மகனோடு இரண்டு விஷயம் பேசி வையுங்கள். போன் வேலை செய்யாவிட்டால் யார் மூலம் தகவல் வரும் என்பது ஒன்று: கூட வேலை செய்கிறவரின் இலக்கம், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கம், இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம், மூன்றையும் கடதாசியில் எழுதி வையுங்கள். இரண்டாவது, "அங்க என்ன நடக்குது, வீடியோ எடுத்து அனுப்பு" என்று கேட்காதீர்கள். அதை எடுக்க அவர் ஜன்னலுக்கோ மொட்டை மாடிக்கோ போக வேண்டும், துண்டுகள் விழுவதும் அங்கேதான். வளைகுடா நாடுகள் பலவற்றில் அப்படியான காட்சியைப் பரப்பினால் வழக்கும் வரலாம், வேலையும் போகலாம். "உள்ளே இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும் என்று சொல்லி வையுங்கள்.